பெரிய எழுத்துப் புத்தகம் உதவாத மாணவி: பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த மாணவிக்குப் பார்வை குறைவு என்பது பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். அதற்கான உதவிகளும் வந்து சேர்ந்திருந்தன: பெரிய எழுத்தில் அச்சிட்ட பாடப்புத்தகம், கையில் பிடிக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி, முதல் பெஞ்சில் இடம். மூன்றும் கிடைத்த பிறகு அவள் முன்பைவிடக் குறைவாகப் படித்தாள். "எல்லாம் செஞ்சு கொடுத்தாச்சு, பொண்ணுக்குத்தான் படிப்புல நாட்டம் இல்ல" என்பது ஆசிரியர் அறையில் ஏறக்குறைய முடிவாகிவிட்ட கருத்து.

கடலூர் மாவட்டம் பண்ருட்டி வட்டத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி அது. நான் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநராக அங்கே போய்வருகிறேன். 2024 ஜூனில் அவள் எட்டாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து ஒன்பதாம் வகுப்பின் காலாண்டுத் தேர்வு வரை நடந்ததை எழுதுகிறேன். அவளையும் பள்ளியையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

குடும்பமும் நோயும்

அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறார். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரல்நுனிகள் கறுத்துப்போனவர். அப்பா போர்வெல் லாரியில் வேலை செய்கிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். இருவரும் தாய்மாமன், அக்கா மகள் உறவில் மணம் முடித்தவர்கள்.

ஆறு வயதில் அந்தி சாய்ந்ததும் அவள் வாசற்படியில் இடறத் தொடங்கினாள். ஆயா "மாலைக்கண்ணு" என்று சொல்லி, முருங்கைக்கீரையும் பப்பாளியும் விடாமல் கொடுத்தார். ஆயா சொன்னதில் தப்பே கிடையாது. உயிர்ச்சத்து ஏ குறைவால் வரும் மாலைக்கண் நம் ஊரில் ஒரு காலத்தில் வெகு சாதாரணம், கீரை அதற்கு உதவும். ஆனால் இவளுக்குக் கீரையில் தீரவில்லை. பத்து வயதில் புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனையில் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று சொன்னார்கள்.

இது பரம்பரையாக வரும் விழித்திரை நோய். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் கோல் செல்கள் முதலில் அழிகின்றன, அதனால் இரவுப் பார்வை முதலில் போகிறது. பிறகு பார்வைப் பரப்பு ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. நடுப்பார்வை பெரும்பாலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் நடக்கும் குடும்பங்களில், பெற்றோர் இருவருமே பழுதான ஒரே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடுவதால், இது அதிகம் தெரிகிறது. பெரும்பாலான வகைகளுக்கு இன்றும் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையை இரண்டு விதமாக வரையறுக்கிறது. ஒன்று, பார்வைக் கூர்மை 6/18க்குக் கீழே இறங்குவது. மற்றது, பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் கீழே, 10 பாகை வரை சுருங்குவது. சான்றிதழில் இரண்டுக்கும் ஒரே பெயர். உதவி அனுப்பும் அலுவலகத்தில் அந்தப் பெயரை மட்டும் பார்த்தார்கள். முதல் வகைக்குப் பொருந்தும் சாமான் இரண்டாம் வகைப் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது.

பெரிதாக்கினால் ஏன் குறைந்தது

அவள் பார்ப்பது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல. குழாய்க்குள் தெரிவது தெளிவாகவே தெரிகிறது. அதன் வழியே பெரிய எழுத்தைக் காட்டினால் எழுத்துதான் பெரிதாகும், குழாய் பெரிதாகாது. சாதாரணப் புத்தகத்தில் ஒரு பார்வைக்கு ஒரு சொல் முழுதாக அகப்பட்டது. பெரிய எழுத்துப் புத்தகத்தில் ஒன்றரை எழுத்து அகப்பட்டது.

தமிழில் இந்தத் தொல்லை கூடுதல். "கொடி" என்ற சொல்லில் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். இது மூன்று துண்டாகக் கண்ணில் விழுந்தால், கால் வந்து சேரும் வரை அது "கெ"யா "கொ"வா என்று முடிவு செய்ய முடியாது. காலும் ர எழுத்தும் பல அச்செழுத்துகளில் ஏறக்குறைய ஒரே வடிவம், எனவே "கெர" என்று வாசிக்கவும் இடமுண்டு. அவள் வாசிக்கும்போது திரும்பத் திரும்ப முன்னே போய்ப் பின்னே வந்ததைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அவள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேலை செய்துகொண்டிருந்தாள்.

முதல் பெஞ்சும் இதே கதைதான். பலகைக்கு அருகில் உட்கார்ந்தால் பலகையின் ஒரு மூலைதான் பார்வைக்குள் வரும். மூன்றாவது வரிசைக்கு மாற்றினோம், பலகை பாதிக்குமேல் உள்ளே வந்தது. சன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் முதுகுப் பக்கம் விழுமாறு திருப்பி உட்காரவைத்தோம். வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்ட கரும்பலகைக்குத் தலைமை ஆசிரியர் புது வண்ணம் அடித்துக் கொடுத்தார். இந்த மூன்றுக்கும் கம்ப்யூட்டர் வேண்டாம், கைப்பேசி வேண்டாம். தொழில்நுட்பம் பற்றிய எந்தப் பேச்சையும் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. சாமான் வாங்குவதற்கு முன், பிள்ளை எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவில்லை என்று ஒரு மணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க ஆள் வேண்டும்.

கைப்பேசித் திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, நடுத்தர அளவு, சற்றே தடித்த அச்சு. இந்த அமைப்பில் அவளால் நன்றாக வாசிக்க முடிந்தது. ஆனால் சற்று நேரத்தில் தலைவலி வந்துவிடும். நாள் முழுக்கப் படிக்கக் கண்ணை மட்டும் நம்ப முடியாது என்பது தெளிவானதும் காதுக்கு வந்தோம்.

காது

வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு ஊர் ஊராகப் போய்விடும். உறவினர் ஒருவர் பயன்படுத்தாமல் வைத்திருந்த பழைய ஆண்ட்ராய்டு போன் கிடைத்தது. சிம் போடவில்லை. எழுத்தை வாசித்துச் சொல்லும் தமிழ்க் குரலை ஒருமுறை பதிவிறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலே பேசும் என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. பாடங்களை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன்.

அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. "ஏற்கெனவே கண்ணு போயிட்டிருக்கு, செல்லு வேற குடுக்குறீங்களே மிஸ்" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அவள் திரையைப் பார்க்கவே வேண்டியதில்லை. போனைப் பேசவைக்கும் டாக்பேக் என்பது ஆண்ட்ராய்டிலேயே உள்ளமைந்த திரைவாசிப்பான். விரலை வலப்பக்கம் தள்ளினால் திரையில் அடுத்ததற்குப் போகும், இருமுறை தட்டினால் திறக்கும், எல்லாவற்றையும் வாயால் சொல்லும். திரையை முழுக்க இருட்டாக்கிவிட்டும் வேலை செய்யலாம். திரையை இருட்டாக்கிப் பாடத்தை ஓடவிட்டுக் காட்டியதும் அம்மா சரி என்றார். வீடியோ பார்ப்பது தனிப் பிரச்சினை, அதை அம்மாவும் மகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் மெதுவான வேகத்தில் கேட்டாள். தீபாவளிக்குள் வேகத்தை ஏற்றிக்கொண்டே போய், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்துக்கு வந்துவிட்டாள். வகுப்பில் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்ட வேண்டும், மறு காது ஆசிரியருக்கு. இந்தச் சின்ன விதியைச் சொன்ன பிறகுதான் ஆசிரியர்களுக்கும் மனம் ஆறியது.

எழுத்து எழுத்தாக வராதபோது

கருவி கைக்கு வந்த பிறகுதான் பெரிய சுவர் தெரிந்தது. படிக்கக் கருவி இருக்கிறது, படிக்க எழுத்து இல்லை.

பள்ளியில் தாள்கள் பலவும் வாட்ஸ்அப்பில் படமாக வரும். பயிற்சித்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிடுவார்கள். திரைவாசிப்பானுக்கு அது "படம்" என்ற ஒரு சொல், அவ்வளவுதான். தமிழாசிரியர் மட்டும் கம்ப்யூட்டரில் அழகாகத் தட்டச்சு செய்து கோப்பாகவே அனுப்புவார். அது வேலை செய்யும் என்று ஆசையோடு திறந்தோம். "அம்மா" என்ற சொல்லைக் கைப்பேசி "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று வாசித்தது.

ஐயா தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். பாமினி, வானவில் ஔவையார் போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துக் குறிகள். அவற்றுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலக் குப்பை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தமக்கென்று எண்கள் உண்டு. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டையும் அதிகாரப்பூர்வமாக ஏற்றது. ஆனாலும் வினாத்தாள், சுற்றறிக்கை, பயிற்சித்தாள் எனப் பள்ளி உலகத்தின் பெரும்பகுதி இன்னும் பழைய எழுத்துருவில்தான் ஓடுகிறது. அச்செடுத்துப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. எனவே யாருக்கும் அவசரமும் இல்லை.

தமிழாசிரியரிடம் யூனிகோடுக்கு மாறச் சொன்னபோது, "இத்தன வருஷமா கை இதுலயே பழகிடுச்சும்மா, இனிமே புதுசா ஒரு கீபோர்டு கத்துக்கணுமா?" என்றார். தேவையில்லை என்பதுதான் இந்த நிகழ்வின் மிக நல்ல செய்தி. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசைப்பலகை அமைப்பும் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பும் உண்டு. விரல்கள் பழைய இடத்திலேயே தட்டும், கோப்பில் யூனிகோட் விழும். அவர் ஒரு மதியம் அமர்ந்து பார்த்தார், மறுநாள் முதல் மாறிவிட்டார். அவருடைய பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தோம். அந்த வாரத்தில் அவள் தமிழ்ப் பாடக் குறிப்புகளை முதன்முறையாக யாரும் வாசித்துக் காட்டாமல் தானே படித்தாள். ஆண்டு முழுக்கச் செய்தவற்றில் அதிகப் பலன் கொடுத்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். செலவு ஒரு காசும் இல்லை.

பாடப்புத்தகம் அவ்வளவு எளிதாக மசியவில்லை. இணையத்தில் கிடைத்த சில பாட பிடிஎஃப்களில் எழுத்துகளைப் பிரதி எடுத்தால் கொம்புகள் இடம்மாறிச் சிதறின. சில பிடிஎஃப்களில் உள்ளே எழுத்தே இல்லை, எல்லாம் ஸ்கேன் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் தமிழுக்கு இப்போது நன்றாகவே வேலை செய்கிறது, கூகுள் டிரைவிலேயே அந்த வசதி இருக்கிறது. ஆனால் காலை ர என்றும், "கொ"வைக் "கெர" என்றும் படிக்கும் பிழைகள் வரும். அவள் கண்ணால் தடுமாறிய அதே இடத்தில் இயந்திரமும் தடுமாறுவது வேடிக்கைதான். யாராவது ஒருவர் மெய்ப்புப் பார்த்தே தீர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த பட்டதாரி அம்மா ஒருவர் சமூக அறிவியல் பாடங்களை எடுத்துக்கொண்டார்.

"புத்தகத்தை இப்படிப் பிரதி எடுக்கறது சட்டப்படி தப்பு இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். தப்பில்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு நூலை மாற்றுவதை அனுமதிக்கிறது. இதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலாவதாக ஏற்றுறுதி செய்த நாடும் இந்தியாதான். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் இந்த அடிப்படையில் நடப்பதுதான்.

ல, ள, ழ

அரையாண்டுக்குச் சற்று முன் தமிழாசிரியர் ஒரு விடைத்தாளைக் காட்டினார். பதில்கள் நன்றாக இருந்தன, எழுத்துப்பிழை ஏறியிருந்தது. பழைய சொற்களில் பிழை இல்லை. காதால் மட்டும் கற்ற புதுச் சொற்களில்தான் ல, ள, ழ குழப்பம், ர, ற குழப்பம், ந, ன, ண குழப்பம். பேச்சில் நாமே பல இடங்களில் ர, ற வேறுபாட்டை விட்டுவிட்டோம். ந, ன இரண்டும் ஒலியில் ஒன்றுதான். கைப்பேசிக் குரலிடம் எழுத்தெழுத்தாகக் கேட்டாலும் "ல", "ள" என்று சொல்வதில் அவளால் எது எது என்று பிரிக்க முடியவில்லை.

"இப்ப எல்லாம் போனே பேசுது, இனி பிரெய்ல் எதுக்கு?" என்று படித்தவர்களே கேட்கும் காலம் இது. மேலே உள்ள விடைத்தாள்தான் பதில். கேட்பது வேறு, வாசிப்பது வேறு. வாசிக்கிற பிள்ளைக்குத்தான் எழுத்து கைவசமாகும். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் வகுத்த பாரதி பிரெய்லில் ல, ள, ழ மூன்றுக்கும் வெவ்வேறு புள்ளிக்கோவை, விரலுக்குக் குழப்பம் இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. அச்சில் கொம்பு முன்னே வந்தாலும் பிரெய்லில் மெய் முதலில், உயிர்க்குறி பின்னால். அவளை அலைக்கழித்த "கொ" அங்கே இரண்டே கட்டம், வந்த வரிசையிலேயே வாசிக்கலாம்.

அவளுடைய பார்வை இன்னும் சுருங்கும் என்பதும் தெரிந்ததே. பார்வை மிச்சமிருக்கும்போதே விரலைப் பழக்குவது நல்லது என்று சொன்னபோது அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். முற்றும் பார்வை போனவர்கள் படிப்பதை மகள் படிப்பது என்றால், அந்த நாள் வரப்போகிறது என்று ஒப்புக்கொள்வதாகிறது. அதற்கு அவர் அப்போது தயாராக இல்லை. வற்புறுத்துவதில் பயனில்லை. பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளியில் படித்துவிட்டு இப்போது வங்கியில் வேலை செய்யும் பார்வையற்ற பெண் ஒருவர் ஒரு ஞாயிறு அவர்கள் வீட்டுக்கு வந்துபோனார். அவர் அம்மாவிடம் பிரெய்லைப் பற்றிப் பேசவே இல்லை, சம்பளம், மாமியார், பஸ் நேரம் என்று ஊர்க்கதை பேசினார். அடுத்த வாரம் பிரெய்ல் புள்ளிகளைக் குத்தி எழுதும் ஸ்லேட்டும் ஸ்டைலஸும் வீட்டுக்குள் நுழைந்தன.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பின்னாலேயே சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரில் தென்பெண்ணை பெருகி, கடலூர்ப் பக்கம் ஊர்களுக்குள் புகுந்தது. அவர்கள் ஊரில் கரண்ட் வர நாட்கள் ஆயின. போன் இரண்டாம் நாளே அணைந்துவிட்டது. அந்த நாட்களில் அவளிடம் வேலை செய்த ஒரே கல்விக் கருவி அந்த ஸ்லேட்தான். பள்ளி திறந்தபோது புள்ளி எழுத்தில் வேகம் கூடியிருந்தது. 2011இல் 'தானே' என்ற புயலைப் பார்த்த மாவட்டம் இது. மின்சாரம் இல்லாத வாரத்தையும் கணக்கில் வைத்துத்தான் இங்கே ஒரு பிள்ளைக்குக் கருவிகள் திட்டமிட வேண்டும்.

தட்டச்சு

பள்ளியின் கணினி அறையில் மென்பொருள் எதையும் நிறுவ முடியாது, கடவுச்சொல் எங்கோ மேலே ஒருவரிடம் இருந்தது. அவரைத் தேடி அலைவதைவிட என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் கையடக்கப் பதிப்பைப் பென்டிரைவில் போட்டு எடுத்துப்போவது எளிது. நிறுவ வேண்டாம், செருகி இயக்கினால் போதும். இது ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான். கூடவே வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. ரோபோ பேசுகிற மாதிரி இருக்கும். வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், பழகிவிட்டது.

தட்டச்சுக்குத் தமிழ்99 அமைப்பைத் தேர்ந்தெடுத்தோம். 1999இல் அரசு ஏற்றுக்கொண்ட இந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். விசைப்பலகையில் தடவி அறியும் மேடு இரண்டு விசைகளில் உண்டு. தமிழ்99இல் இடப்பக்க மேட்டில் புள்ளி, வலப்பக்க மேட்டில் ப. அங்கே சுட்டுவிரலை வைத்துக்கொண்டால் மற்றவை கைக்கெட்டும் தூரம். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் அம்மா வந்துவிடும். ந வந்து த வந்தால் "ந்த" ஆகிவிடும். எழுத்தைப் பார்க்காமல் தட்டுகிறவருக்கு இது பெரிய நிம்மதி. இங்கே எதிர்பாராத பலன் ஒன்றும் கிடைத்தது: ல ஓர் இடம், ள ஓர் இடம், ழ ஓர் இடம் என்று விரல் பழகியதால் எழுத்துப்பிழை இன்னும் குறைந்தது.

முடியாதவை

பாடப்புத்தகத்தில் 2018 முதல் அச்சாகும் க்யூஆர் குறிகள் திக்ஷா என்ற அரசு இணையதளத்துப் பாடங்களுக்குக் கொண்டுபோகின்றன. சிலவற்றை அவளோடு உட்கார்ந்து கேட்டேன். "இங்க பாருங்க, இதுதான் இது, இது இங்க வந்து சேருது" என்று விரலால் காட்டிக்கொண்டே போகிறார்கள். கேட்கிறவளுக்கு எது எங்கே என்று ஒன்றும் இல்லை. இதயத்தைப் பற்றிய இடத்தில் "இது" என்பதற்குப் பதில் "வலது மேலறை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தலைமை ஆசிரியரிடம் சொன்னோம், பள்ளி ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதும்போது வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லாரும் அல்ல.

கேமராவில் காட்டினால் படத்தை விவரிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் முயன்றோம். ரூபாய் நோட்டு, பஸ்ஸின் ஊர்ப் பலகை, மருந்துச் சீட்டின் அச்செழுத்து எல்லாவற்றுக்கும் அருமை. இதயத்தின் படத்தைக் காட்டியபோது இடது அறையையும் வலது அறையையும் மாற்றிச் சொன்னது, அதுவும் கொஞ்சமும் தயங்காமல். தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் பாடப் படங்களுக்கு அதைப் பயன்படுத்துவது என்று வைத்துக்கொண்டோம்.

கணக்குதான் பெரிய குறை. பின்னங்களும் அடுக்குகளும் பாடக்கோப்பில் படங்களாகவே இருக்கின்றன, குரல் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. எண்கணிதத்துக்கு, விரலால் தடவி எண்களை அடுக்கும் டெய்லர் சட்டமும் அபாகஸும் பழக்கினேன். வடிவியலுக்கு அட்டையில் ஃபெவிகால் தடவி நூலை ஒட்டிக் காயவைத்து முக்கோணம், வட்டம் செய்கிறோம். அதை ஒரு பாடத்துக்குச் செய்ய ஒரு மாலை போய்விடுகிறது.

வகுப்பில் மற்றவர்கள்

அதே வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்கவே திணறும் பையன் ஒருவன் இருக்கிறான். கண் நன்றாகத் தெரியும், புத்தியும் கூர்மை. ஒருநாள் அவள் போனை ஸ்பீக்கரில் ஓடவிட்டபோது அவன் புத்தகத்தில் விரலை வைத்துக் குரலோடு கூடவே ஓட்டினான். அன்றைக்குப் பாடத்தின் கடைசிக் கேள்விக்கு அவன் கைதூக்கியதைச் சமூக அறிவியல் ஆசிரியர் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார். இப்போது மெமரி கார்டு நகல் ஒன்று அவனிடமும் இருக்கிறது. கேட்கும் கருவி அணிந்த இன்னொரு மாணவிக்கோ இந்த ஸ்பீக்கர் சத்தமே இடைஞ்சல். தகரக் கூரைக்கு அடியில் எதிரொலி சேர்ந்து அவளுக்கு எல்லாம் கூழாகிவிடுகிறது. எனவே அந்த வகுப்பில் ஸ்பீக்கர் கிடையாது, இயர்போன் மட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள்.

இப்போதைய நிலை

எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் கணக்கு நீங்கலாக எல்லாப் பாடத்திலும் மதிப்பெண் ஏறியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டில் தமிழ் விடைகளைக் கணினியிலேயே தட்டச்சு செய்து கொடுத்தாள், மற்ற பாடங்களுக்குச் சொல்வதை எழுதும் ஆள். சொல்லி எழுதவைப்பதும் தனிக் கலை. நினைப்பை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும், எங்கே பத்தி பிரிப்பது என்று சொல்ல வேண்டும், எழுதுபவர் முடிக்கும் வரை அடுத்த எண்ணத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். தோழி ஒருத்தியை வைத்து இதை வாரம் ஒரு நாள் பழகுகிறாள். தோழி மெதுவாக எழுதுகிறாள் என்று புகார், இவள் வேகமாகக் கொட்டுகிறாள் என்று தோழி புகார்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு எழுதுபவர், கூடுதல் நேரம் ஆகிய சலுகைகள் கேட்டு மருத்துவச் சான்றோடு விண்ணப்பம் போக வேண்டும். அதற்கு முன் பார்வைப் பரப்பை மறுபடி அளந்து சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், இந்த முறை கூர்மையோடு பரப்பையும் தனியாகக் குறிப்பிடும்படி கேட்டிருக்கிறோம். இரவில் நடக்க வெண்கோல் பயிற்சி இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு வடிவியலில் நூல் ஒட்டிய அட்டைகள் பாதிப் பாடம் வரைதான் தயார், மீதியைக் கணக்காசிரியர் அரையாண்டு விடுமுறையில் மாணவர்களை வைத்துச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.